இன்டர்வெல் ஓட்டத்திலிருந்து போட்டி டைமிங்கைக் கணிப்பது எப்படி?

1500 மீட்டரில் முதல் சுற்றை நான்கு விநாடி வேகமாக ஓடிவிட்டால், கடைசி 300 மீட்டரில் அதை வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். தொடை கனக்கும், கை மேலேறும், பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவார்கள். இன்றைய நிலையில் தன்னால் எத்தனை விநாடியில் ஓட முடியும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் இந்தத் தவறைச் செய்யமாட்டார். அதைத் தெரிந்துகொள்ள வாரம் ஒரு போட்டி ஓடிப் பார்க்க முடியாது, உடம்பு தாங்காது. நீங்கள் எப்படியும் ஓடுகிற இன்டர்வெல் பயிற்சியிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. அதை எடுத்துப் படிக்கும் முறைதான் இந்த அத்தியாயம்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இன்டர்வெல் பயிற்சியும் எல்லோருக்கும் ஒரே பதிலைத் தராது. ஒரே பயிற்சியை, ஒரே ஓய்வுடன், ஒரே மாதிரியான தரையில் திரும்பத் திரும்ப ஓடி, அதற்கும் உங்கள் போட்டி டைமிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வைத்தால்தான் கணிப்பு கைக்கு வரும்.

பேனிஸ்டரின் பத்துச் சுற்றுகள்

1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டின் ஐஃப்லி ரோடு மைதானத்தில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் மைலை முடித்த முதல் மனிதர் அவர். அந்த நாளுக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே அவர் ஓடிவந்த பயிற்சி இது: 440 கெஜம், அதாவது ஏறத்தாழ 400 மீட்டர், பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. குளிர்காலத்தில் சுற்றுக்கு 66 விநாடியில் தொடங்கியவர் வசந்தத்துக்குள் 61-க்கு வந்துவிட்டார்.

61-க்குக் கீழே இறங்க முடியவில்லை. மைலுக்கு நான்கு சுற்று. நான்கு நிமிடத்தை உடைக்கச் சுற்றுக்கு 60-க்கும் குறைவாக ஓட வேண்டும். எத்தனை முறை முயன்றாலும் கடிகாரம் 61-லேயே நின்றது. அவர் பயிற்சியைக் கூட்டவில்லை. சில நாள் ஓட்டத்தையே விட்டுவிட்டு, நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்தில் மலையேறப் போனார். திரும்பி வந்து அதே பத்தை ஓடியபோது சராசரி 59 விநாடி.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். முதலாவது, பயிற்சிச் சுற்றின் சராசரியும் போட்டிச் சுற்றின் சராசரியும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அவர் ஒரே பயிற்சியை மாதக்கணக்கில் மாற்றாமல் ஓடியதால்தான் அந்த ஒற்றுமை கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது, எண் ஒரே இடத்தில் நின்றுபோனால் அதுதான் உங்கள் எல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பல நேரம் உடம்பு களைத்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பேனிஸ்டருக்குப் பொருந்திய ‘பத்து முறை, இரண்டு நிமிடம்’ உங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேகம் அதிகமும் தாங்குதிறன் குறைவும் உள்ளவர் பயிற்சியில் 64-இல் ஓடிவிட்டுப் போட்டியில் 68-இல் ஓடுவார். நீண்ட தூரம் ஓடிப் பழகியவருக்கு இந்த வித்தியாசம் மிகச் சிறியதாக இருக்கும்.

தொடங்குவதற்கு முன்

1. தூரத்தை உறுதிசெய்யுங்கள். 400 மீட்டர் டிராக்கில் முதல் லேனில் ஓடுங்கள். ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 6 மீட்டருக்கு மேல் கூடும். ஒரு விநாடி அங்கேயே போய்விடும்.

2. பள்ளி மைதானத்து மண் டிராக் என்றால், சுண்ணாம்புக் கோடு போட்டவர் சொன்ன தூரத்தை நம்பாமல் நீங்களே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். உள்விளிம்பில் மேடான கட்டை இருந்தால் அதிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், வெறும் கோடு மட்டும் இருந்தால் 20 செ.மீ. தள்ளியும் அளப்பதுதான் முறை.

3. சாதாரண ஸ்டாப்வாட்ச் போதும். ஜி.பி.எஸ். வாட்ச் காட்டும் தூரத்தை இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். வளைவுகளில் அது தடுமாறும். தூரத்துக்குக் கோட்டை நம்புங்கள், நேரத்துக்கு வாட்சை நம்புங்கள்.

4. ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி, தரை, காற்று, வெயில், ஷூவா ஸ்பைக்ஸா, முந்தைய இரவு எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள் என்பது வரை எழுத வேண்டும்.

5. பயிற்சிக்கு முந்தைய இரண்டு நாளும் லேசான ஓட்டம் மட்டும். களைத்த காலை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது.

யார் டாக்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும்?

நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென இறந்த வரலாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு வாருங்கள். இந்தப் பயிற்சிகள் இதயத்தை அதன் உச்சம்வரை கொண்டுபோகும். காய்ச்சல் வந்து போனவர்கள் உடம்பு முழுதாகத் தேறி, லேசான ஓட்டம் ஒரு வாரமாவது சிரமமில்லாமல் போன பிறகே இதைத் தொட வேண்டும். வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக ஓடினால் இதயத்தசை பாதிக்கப்படலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் விட்டுவிடாமல் டிராக் ஓரத்திலேயே வைத்திருங்கள்.

முதல் பயிற்சி: 1500 மீட்டருக்கு 6 × 400

பத்துக்குப் பதில் ஆறு வைத்திருக்கிறேன். வாரம் நான்கைந்து நாள் ஓடுகிறவருக்கு ஆறே போதும். பத்து ஓடினால் அடுத்த மூன்று நாள் பயிற்சி கெட்டுவிடும்.

1. 15 நிமிடம் மெதுவான ஜாகிங். பிறகு கால், இடுப்பு, தோள் அசைவுப் பயிற்சிகள். கடைசியாக 80 மீட்டர் தூரத்துக்கு நான்கு முறை படிப்படியாக வேகம் கூட்டி ஓடுங்கள். முதல் 400-ஐ வார்ம்-அப் ஆக நினைத்து ஓடுகிறவரின் கணக்கு முதல் வரியிலேயே தப்பு.

2. உங்கள் இலக்கு டைமிங்கை 3.75-ஆல் வகுங்கள். 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. 4:30 என்றால் 270 விநாடி, சுற்றுக்கு 72.

3. அந்த வேகத்தில் முதல் 400 ஓடுங்கள். கோட்டைத் தாண்டியதும் வாட்சை நிறுத்தாமல் ‘லேப்’ பட்டனை அழுத்துங்கள். ஓய்வும் அதிலேயே பதிவாகட்டும்.

4. சரியாக இரண்டு நிமிடம் நடங்கள். உட்காரக் கூடாது. 1:50 ஆனதும் கோட்டருகே வந்து நில்லுங்கள்; 2:00-இல் கிளம்புங்கள்.

5. ஆறையும் இப்படியே முடியுங்கள். கடைசிச் சுற்றில் தம் பிடித்துப் பாய்வது எல்லோருக்கும் உள்ள ஆசை. பாயாதீர்கள். பாய்ந்துவிட்டால் அந்தச் சுற்றை விட்டுவிட்டு மற்ற ஐந்தின் சராசரியை எடுங்கள்.

6. சராசரியை 3.75-ஆல் பெருக்குங்கள். வருவது ‘பயிற்சி நேரம்’. இது இன்னும் போட்டி நேரம் ஆகவில்லை.

உதாரணமாக, உங்கள் சுற்றுகள் 71, 72, 72, 73, 72, 72. சராசரி 72, பயிற்சி நேரம் 4:30. பத்து நாள் கழித்துப் போட்டியில் 4:36 ஓடினீர்கள். அந்த 6 விநாடிதான் உங்கள் ‘சொந்த வித்தியாசம்’. இரண்டு மாதம் கழித்து அதே பயிற்சியில் சராசரி 70.5 வந்தால், பயிற்சி நேரம் ஏறத்தாழ 4:24. அதோடு 6-ஐக் கூட்டினால் 4:30. இப்போது 4:30-க்கு ஓடத் துணியலாம். இப்படி மூன்று போட்டிகள் சேர்ந்ததும் மூன்று வித்தியாசங்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கணிப்பு இரண்டு மூன்று விநாடிக்குள் வந்து நின்றால் அது நல்ல கணிப்பு. அதைவிட நெருக்கமாக எதிர்பார்க்க வேண்டாம்.

சராசரி மறைக்கும் தவறு

68, 70, 72, 73, 74, 75 ஓடினாலும் சராசரி 72 தான். ஆனால் இப்படி ஓடியவரைவிட, மேலே உதாரணத்தில் சீராக ஓடியவர் போட்டியில் முன்னால் போவார். வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் நடுவே 3 விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் அன்றைய கணக்கைக் கழித்துவிடுங்கள். பயிற்சியாக அது வீண் இல்லை, கணிப்பாக மட்டும் செல்லாது.

ஓய்வுதான் கணக்கைக் கெடுக்கும்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஓடும் நேரத்தை எல்லோரும் பத்தில் ஒரு விநாடிவரை பார்க்கிறார்கள். ஓய்வை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போவது, லேஸை அவிழ்த்துக் கட்டுவது, “என்ன டைமிங்?” என்று கூட ஓடுகிறவரிடம் கேட்டுக்கொண்டு நிற்பது என்று இரண்டு நிமிடம் இரண்டரை ஆகிவிடும். அந்த அரை நிமிடம் சின்ன விஷயமில்லை. தசையில் உடனடிச் சக்திக்காக உள்ள இருப்பில் செலவானதில் ஏறத்தாழப் பாதி, ஓட்டத்தை நிறுத்திய முதல் அரை நிமிடத்துக்குள்ளேயே திரும்பிவிடும். மூன்று நிமிடத்தில் பெரும்பகுதி நிரம்பிவிடும். ஆகவே ஒரு நிமிட ஓய்வில் 72 ஓடியவரும் மூன்று நிமிட ஓய்வில் 72 ஓடியவரும் வேறு வேறு தரத்து ஓட்டக்காரர்கள்.

1930-களில் ஜெர்மனியில் பயிற்சியாளர் வோல்டெமர் கெர்ஷ்லர் இன்டர்வெல் முறையை ஒழுங்குபடுத்தியபோது ஓய்வுக்குத்தான் அதிகக் கவனம் கொடுத்தார். நிமிடத்துக்கு 180 வரை ஏறிய நாடித்துடிப்பு ஒன்றரை நிமிடத்துக்குள் 120-க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஓடிய வேகமோ தூரமோ அதிகம் என்பது அவர் கணக்கு. அவரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலானில் 800 மீட்டரை 1:46.6-இல் ஓடினார். அந்த உலகச் சாதனை 1955 வரை நின்றது.

*குறிப்பு:* ஒவ்வொரு ஓய்வின் ஒன்றரையாவது நிமிடத்திலும் கழுத்தில் விரல் வைத்து 10 விநாடி நாடியை எண்ணி 6-ஆல் பெருக்குங்கள். போன மாதத்தைவிட அதே வேகத்துக்கு நாடி அதிகமாக இறங்கியிருந்தால், நேரம் மாறாவிட்டாலும் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள்.

இரண்டாவது பயிற்சி: 800 மீட்டருக்கு 600 + 200

800 வேறு ஜாதி ஓட்டம். சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன் துணையில்லாமல் வருகிறது. அந்த எரிச்சலை 400 மீட்டர் ஓட்டங்கள் முழுதாகக் காட்டாது. அதனால் 600 ஓட வேண்டும்.

1. மேலே சொன்ன வார்ம்-அப். கூடவே 150 மீட்டர் ஒரு முறை போட்டி வேகத்தில். பிறகு ஐந்து நிமிடம் நடை.

2. 600-ஐ இலக்கு வேகத்தில் ஓடுங்கள். 2:10 இலக்கு என்றால் 1:37.5.

3. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நடை.

4. 200-ஐ முழு வேகத்தில் ஓடுங்கள்.

5. இரண்டையும் கூட்டுங்கள். 97.5-உம் 30.5-உம் சேர்ந்தால் 128, அதாவது 2:08. போட்டியில் 2:11 ஓடினால் உங்கள் வித்தியாசம் 3 விநாடி.

600-ஐயே இலக்கு வேகத்தில் முடிக்க முடியவில்லை என்றால் 200-க்குப் போகாதீர்கள். இலக்கு தவறு, அன்றைக்கு அதுதான் பதில். 600-ஐ இலக்கைவிட மூன்று நான்கு விநாடி வேகமாக ஓடி, 200-இல் தள்ளாடுவது இதில் நடக்கும் பெரிய தவறு. கூட்டுத்தொகை நன்றாகத் தெரியும், போட்டியில் அது நிற்காது.

மூன்றாவது: கோஸ்மின் சோதனை

பழைய போட்டி நேரம் எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு இது உதவும். இங்கே தூரம் நிலையாக இருக்காது. நேரம் நிலையாக இருக்கும்.

800-க்கு: 60 விநாடி முடிந்த மட்டும் வேகமாக ஓடுங்கள், 3 நிமிடம் ஓய்வு, மறுபடி 60 விநாடி. இரண்டிலும் ஓடிய மொத்த மீட்டரை 0.1196-ஆல் பெருக்கி, 217.8-இலிருந்து கழியுங்கள். 400-உம் 375-உம் ஓடினால் மொத்தம் 775. விடை ஏறத்தாழ 125 விநாடி, அதாவது 2:05.

1500-க்கு: 60 விநாடி நான்கு முறை, நடுவில் ஓய்வு 3 நிமிடம், 2 நிமிடம், 1 நிமிடம் என்று குறைந்துகொண்டே வரும். மொத்த மீட்டரை 0.1622-ஆல் பெருக்கி, 500.5-இலிருந்து கழியுங்கள். 1420 மீட்டர் என்றால் ஏறத்தாழ 4:30.

இதற்கு ஒரு ஆள் துணை வேண்டும். டிராக்கில் பத்து மீட்டருக்கு ஒரு அடையாளம் வைத்துவிட்டு, அவர் விசில் ஊதும் நொடியில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று குறிக்க வேண்டும். விசில் கேட்டதும் சடாரென நிற்காதீர்கள்; இப்படி முழு வேகத்தில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் பின்தொடைத் தசை கிழியலாம். இந்தச் சூத்திரத்தின் விடையை முதல் மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போட்டி ஓடியதும் உங்கள் சொந்த வித்தியாசத்துக்கு மாறிவிடலாம்.

எப்போது ஓட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும்

கணிப்புப் பயிற்சியைப் போட்டிக்கு 10 முதல் 14 நாள் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் வேண்டவே வேண்டாம். ‘இன்னும் அந்த டைமிங் இருக்கிறதா’ என்று மூன்று நாள் முன்பு மறுபடி ஓடிப் பார்ப்பவர், போட்டியில் ஓட வேண்டியதை அங்கேயே செலவழித்துவிடுகிறார். பேனிஸ்டர் தம் சாதனைக்கு முந்தைய ஐந்து நாள் முழு ஓய்வில் இருந்தார். மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஒரே சோதனையை ஓடுவதிலும் பயனில்லை.

வெயில் காலத்தில் காலை ஆறு மணிக்குள் வார்ம்-அப் தொடங்கிவிடுங்கள். ஏப்ரல், மே மாலைகளில் எடுத்த நேரத்தை டிசம்பர் காலை நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். காற்று பலமாக அடித்தால் தள்ளிப்போடுங்கள். ஐஃப்லி ரோட்டிலும் அன்று பலத்த காற்று. முயற்சியை விட்டுவிடலாமா என்று பேனிஸ்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஓட்டம் தொடங்கும் தறுவாயில்தான் அது தணிந்தது.

கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்துங்கள்:

- நெஞ்சில் வலி, இறுக்கம், அல்லது வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுவது
- தலைசுற்றல், கண் இருட்டிக்கொண்டு வருவது
- வெயிலில் வியர்வை நின்று உடல் சிலிர்ப்பது, பேச்சுக் குழறுவது
- பின்தொடையிலோ கெண்டைக்காலிலோ ‘சுளீர்’ என்று ஒரு வலி

முதல் மூன்றுக்கும் உடனே ஆஸ்பத்திரி. வெயில் தாக்கியவரை நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வண்டிக்குச் சொல்லுங்கள். இதனால்தான் தனியாக இந்தப் பயிற்சி வேண்டாம் என்கிறேன். தசை வலிக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது. இழுத்துப் பார்க்கவோ தைலம் போட்டு அழுத்தித் தேய்க்கவோ வேண்டாம்.

கணித்த நேரத்தைப் போட்டியில் ஓடுவது

1500-இல் முடிவுக் கோட்டை முதலில் 300 மீட்டரில் கடப்பீர்கள். பிறகு 700, 1100. கணிப்பு 4:30 என்றால் அந்த மூன்று இடத்திலும் கடிகாரம் காட்ட வேண்டியது 54 விநாடி, 2:06, 3:18. இந்த மூன்று எண்ணையும் முதல் நாள் இரவே மனப்பாடம் செய்துவிடுங்கள். 300-இல் 50 வந்திருந்தால் பதறாமல் அடுத்த நூறு மீட்டரில் வேகத்தைச் சீராகத் தணியுங்கள். திடீரென நின்று கிளம்பினால் இரட்டை நஷ்டம்.

800-இல் முதல் சுற்று இரண்டாவதைவிடக் கொஞ்சம் வேகமாக இருப்பது இயல்பு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 1:40.91-இல் உலகச் சாதனை படைத்தபோது முதல் சுற்று 49.28 விநாடி, இரண்டாவது 51.63. வித்தியாசம் இரண்டரை விநாடிக்கும் குறைவு. 1976 மாண்ட்ரியல் இறுதியில் நம் ஸ்ரீராம் சிங் 50.85-இல் முதல் சுற்றை முடித்து, அந்த ஓட்டத்தைக் கடைசியில் வென்ற ஹுவான்டொரேனாவையும் பின்னால் வைத்துக்கொண்டு ஓடினார். இரண்டாவது சுற்றுக்கு அவருக்கு ஏறத்தாழ 55 விநாடி ஆனது, 1:45.77-இல் ஏழாவதாக வந்தார். அது 42 ஆண்டு நின்ற தேசியச் சாதனை. 2018-இல் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடித்தான் அதை முறியடித்தார். அப்படியொரு ஓட்டத்தைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனாலும் நான்கு விநாடி இறக்கம் என்பது அவரைப் போன்றவரையே ஏழாவது இடத்துக்குத் தள்ளியது என்பதை நினைவில் வையுங்கள். 2:10 கணித்திருந்தால் முதல் சுற்றை 64-இல் முடியுங்கள், 62-இல் வேண்டாம்.

போட்டி முடிந்து மூச்சு அடங்கியதும் நோட்டை எடுங்கள். கணித்த நேரத்துக்குப் பக்கத்தில் ஓடிய நேரத்தையும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும், காற்றையும் வெயிலையும் அன்றே எழுதிவிடுங்கள். அடுத்த போட்டிக்கான கணிப்பு அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது.